டிரம்ஸ் இல்லாத ரெக்கார்டு

தக்கலையில் என் நண்பன் ஜஸ்டின் வீட்டில் ஞாயிறு மாலைகளில் ஜாஸ் ரசிகர்கள் நாங்கள் நான்கு பேர் கூடுவோம். பேச்சு ரெக்கார்டில் தொடங்கி ரப்பர் விலையில் முடியும். ஒருநாள் அவன் புதிதாக வாங்கியிருந்த ரெக்கார்டைப் பார்த்ததும், அதைக் கேட்டேயிராத நான், "இதுல டிரம்ஸ் தனி ரகம்லா" என்றேன்.

ஜஸ்டின் அதைப் போட்டான். பியானோவும் சாக்ஸபோனும்தான். கடைசிவரை டிரம்ஸ் வரவில்லை. மற்ற இருவரும் என்னையே பார்த்தார்கள். நான் ரெக்கார்டு உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"ஒன் வீட்டு மாடியில தகர ஷீட்டு போட்டிருக்குல்லா. மழையில கேட்டிருப்ப மக்கா" என்றான் ஜஸ்டின், சிரிக்காமல். கிளம்பும்போது ரெக்கார்டை என் கையில் தந்தான்.

இப்போதெல்லாம் கேட்காததைக் கேட்டதில்லை என்றே சொல்லிவிடுகிறேன். அந்த ரெக்கார்டை மட்டும் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. மழை நாளில் மாடியில் போட்டால், டிரம்ஸ் நன்றாகவே இருக்கிறது.