மாமாவின் டிரைவரும் காய்ந்த பாத்தியும்

எங்கள் ஊரில் கோல்ஃப் ஆடிய ஒரே ஆள் என் மாமாதான். ஊர் மரக்காணம். புல்கூட யோசித்து யோசித்து முளைக்கிற உப்பு பூமி. அம்மாவின் தம்பியான அவர் சென்னையில் ஒரு கோல்ஃப் மைதானத்தில், ஆட வருகிற பெரிய மனிதர்களின் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடக்கிற வேலையில் இருந்தார். யாராவது கேட்டால், "கம்பெனியில இருக்கான்" என்று அம்மா பேச்சை முடித்துவிடுவாள்.

2006 பொங்கலுக்கு வந்தபோது மாமாவின் கையில் ஸ்வீட் டப்பாவோடு துணி சுற்றிய நீளமான சாமான் ஒன்றும் இருந்தது. பிரித்துக் காட்டினார். கறுப்புத் தண்டு, அதன் நுனியில் தேங்காய் மூடி அளவுக்கு ஒரு தலை. பந்தை வெகுதூரம் அடிப்பதற்கான மட்டை, பெயர் டிரைவர் என்றார். "வண்டி எங்க மச்சான்?" என்று அப்பா கேட்டார். மாமா சிரிக்கவில்லை. புது மட்டை வாங்கிய ஒரு மெம்பர் பழசை அவருக்குக் கொடுத்திருந்தார். மாசி மாதத்தில் பை தூக்குகிறவர்களுக்கென்றே ஒரு போட்டி வைக்கப் போகிறார்களாம். நன்றாக ஆடுகிறவரை, ஆட்டம் சொல்லிக் கொடுக்கும் கோச்சுக்கு உதவியாக வேலைக்கு எடுத்துக்கொள்வார்களாம்.

"இதுல விட்டுட்டா ஆயுசுக்கும் பைதான்க்கா" என்றார் மாமா. அம்மா அடுப்படியிலிருந்து எழுந்து வந்து, அந்த மட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

சிக்கல் என்னவென்றால், மட்டையைக் கொடுத்தவர் பனைமர உயரம். மாமாவோ எங்கள் வீட்டுத் தாழ்ந்த வாசலில்கூடக் குனியாமல் நுழைகிறவர்.

அடித்துப் பார்க்க இடம் வேண்டும். ஊரைச் சுற்றி மணலும் முள்ளும்தான். சமமாகக் கிடப்பது உப்பளம் ஒன்றே. நாங்கள் குத்தகைக்கு எடுத்திருந்த அளத்தில் அப்பாவும் அம்மாவும் அப்போதுதான் பாத்திகளை மிதித்து முடித்திருந்தார்கள். சேற்றைக் காலால் மிதித்து மிதித்துச் சிமெண்ட் தரைபோல இறுக்கிய பிறகுதான் அதில் உப்புத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். தரை பெயர்ந்தால் உப்பில் சேறு ஏறிக் கறுத்துவிடும். செருப்போடு பாத்தியில் இறங்கியதற்காக நான் வாங்கிய அடி இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

அந்தப் பாத்தியில்தான் மாமா வெறுங்காலோடு இறங்கினார், அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல். துணியைச் சுருட்டிக் குட்டிச் சும்மாடு ஒன்று செய்து, சென்னையிலிருந்து கொண்டுவந்த பழைய பந்துகளில் ஒன்றை அதன்மேல் வைத்து, உடம்பையே முறுக்கி ஒரு வீசு வீசினார். பந்து வைத்த இடத்திலேயே இருந்தது. பாத்தியிலிருந்து ஒரு கொத்துச் சேறு பெயர்ந்து, வரப்பில் நின்ற என் பாவாடையில் வந்து விழுந்தது.

சத்தம் கேட்டு வந்த அப்பா பள்ளத்தைப் பார்த்தார், பிறகு மட்டையைப் பார்த்தார்.

"விரலுக்குத் தகுந்த வீக்கம் வேணும் மச்சான். இன்னொரு தடவ தரையில பட்டுச்சு, இது கடலுக்குப் போயிடும். சொல்லிட்டேன்" என்றார். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகவும் இல்லை. பாத்திக்குக் காவல் இருப்பவர்போல வரப்பிலேயே உட்கார்ந்துகொண்டார்.

மாமா என்னைக் கூப்பிட்டு, என் முகத்துப் பவுடர் டப்பாவை எடுத்து வரச் சொன்னார். பொங்கலுக்கு வாங்கிய புது டப்பா. அதைத் தாராளமாக மட்டையின் முகத்தில் தட்டிவிட்டு அடித்தார். பந்து பட்ட இடத்தில் பவுடர் அழிந்து வட்டமாகத் தடம் தெரிந்தது. ஒரு தடம் ஓரத்தில், அடுத்தது விளிம்பில், இன்னொன்று எங்கேயோ. பிறகு மட்டையை இரண்டு விரற்கடை கீழே இறக்கிப் பிடித்து அடித்தார். தடங்கள் நடுவைத் தேடி வர ஆரம்பித்தன. இன்னும் கொஞ்சம் இறக்கினார். ஒன்றன்மேல் ஒன்றாக எல்லாம் நடுவிலேயே விழுந்தன. டப்பாவில் பாதி காலி. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தாலும், கண்ணை எடுக்க முடியவில்லை. அவ்வளவு பொறுமையாக ஒரு மனிதர் தன்னையே அளந்துகொள்வதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"கடைசியா ஒரு தடவ" என்று பிடியின் மேல்முனையில் முழு நீளத்துக்குப் பிடித்து மாமா அடித்தார். அந்தப் பந்து போனதே, அதை என்ன சொல்ல! எங்கள் அளம், பக்கத்து அளம், அதற்கப்பால் பனைமர வரிசை எல்லாவற்றையும் தாண்டிப் போய் மறைந்தது. நான் கத்திக் குதித்தேன். அப்பாகூட எழுந்து நின்றுவிட்டார்.

மாமா மட்டும் வீட்டுக்குப் போய் ரம்பத்தை எடுத்து வந்தார்.

"வேணாம் மாமா! இதுதான் ரொம்ப தூரம் போவுது!" என்று அவர் கையைப் பிடித்துத் தொங்கினேன்.

"போவுது. எங்க போவும்னு எனக்கே தெரியலயே கண்ணு."

அப்பா கிட்டே வந்தார். "உப்பு வாருற பலகைக்குக்கூட உங்க அக்காவுக்கு ஒரு கழி, எனக்கு ஒரு கழி. மாத்திப் புடிச்சா இடுப்பு போயிடும். ஆனா வெட்டிட்டா ஒட்ட முடியாது மச்சான். நல்லா பாத்துக்க."

"பாத்துட்டேன்" என்றார் மாமா.

அப்பா தண்டின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். பிடியின் மேல்முனையிலிருந்து மூன்று விரற்கடை உயரம் அறுந்து விழுந்தது. வெட்டிய இடத்தில் மாமா சைக்கிள் டியூபைக் கீறிச் சுற்றினார். பனைமரத்தைத் தாண்டுகிற வித்தையை வெட்டிப் போட்டுவிட்டாரே என்று நான் அன்று சாப்பிடாமல் படுத்தேன். கையில் இருக்கிற பெரிய ஆசையை நறுக்கி, தனக்கு ஆகிற அளவாக்கிக்கொள்ள எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று இப்போது நினைத்து மலைக்கிறேன்.

அடுத்த வாரம் எல்லோரும் தண்ணீர் பாய்ச்சினார்கள். அளம் முழுக்க வானம் விழுந்து மின்னியது. மாமா பெயர்த்த எங்கள் பாத்தி மட்டும் காய்ந்து கிடந்தது. ஏன் என்று அப்பாவைக் கேட்டேன்.

"அடிபட்ட தரை. புண்ணு ஆற வேணாமா?" என்றார். பக்கத்து அளத்துக்காரர் கேட்டபோதும் அதே பதில். அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

மாமா லீவு கிடைத்த போதெல்லாம் ஈ.சி.ஆர். பஸ் பிடித்து வந்து அந்தப் பாத்தியில் நின்றே அடித்துப் பழகினார். மட்டை தரையில் ஒரு தடவைகூடப் படவில்லை. நல்லவேளை, அந்தப் புண் மாசி வரைக்கும் ஆறவில்லை என்று நான் சாமிக்கு நன்றி சொன்னேன்.

போட்டியில் மாமா இரண்டாவதாகத்தான் வந்தார். ஆனால் ஆட்டம் முழுக்க ஒரு பந்தைக்கூடத் தொலைக்காத ஆள் இவர்தான் என்று கோச் அவரையே கேட்டு வாங்கிக்கொண்டார். செய்தி வந்த அன்று சாயங்காலமே அப்பா அந்தப் பாத்திக்குத் தண்ணீர் திறந்துவிட்டார்.

அந்த வருடப் பங்குனியில், உப்பு வாரி முடித்த வேறொரு பாத்தியில் மாடு ஒன்று இறங்கி, மாமா பறித்ததைவிடப் பெரிய பள்ளமாக மிதித்துவைத்தது. அப்பா அதைத் திட்டிக்கொண்டே விரட்டிவிட்டு, இரண்டு கை சேற்றை அள்ளி அப்பி, கொஞ்ச நேரம் ஏறி மிதித்தார். பிறகு மடையைத் திறந்தார். சாயங்காலத்துக்குள் பாத்தி நிறையத் தண்ணீர் நின்றது. நானும் வரப்பில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அன்றைக்கும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.