மூன்று மோட்டாரும் ஒரு கமாண்டும்

போன வாரம் எங்கள் மில்லில் ஒரு கமாண்டுக்குப் பாராட்டு கிடைத்தது. மனிதர்களுக்கே கிடைக்காத இடத்தில் இது அதிசயம்தானே?

நான் பஞ்சாலையில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்பவன் என்பது வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு — மல்லசமுத்திரம் பக்கம் ஒரு நூல் மில். அதில் ஒரு ஏ.சி. அறை, அறைக்குள் ஒரு கம்ப்யூட்டர். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். வெள்ளிக்கிழமை அதற்குச் சந்தனப் பொட்டு உண்டு. மேனேஜர் உத்தரவு.

அந்த அறையில் என்னோடு இருப்பவன் குமரேசன். வெண்ணந்தூர் பக்கத்து விவசாயக் குடும்பம். அண்ணன் தம்பி மூவரில் கடைசி. படித்தது கம்ப்யூட்டர், பேச்செல்லாம் மஞ்சள் காட்டைப் பற்றி. எங்கள் பக்கம் வயலையும் காடு என்றுதான் சொல்வோம்.

எவ்வளவு நூல் ஓடியது, எந்த மெஷின் நின்றது, பஞ்சு எவ்வளவு இருப்பு... இப்படிக் காலையில் பத்துப் பன்னிரண்டு ரிப்போர்ட் எடுக்க வேண்டும். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. கடைசி ரிப்போர்ட் வருவதற்குள் மேனேஜர் சாப்பிட்டுக் கை கழுவியிருப்பார். “எல்லாத்தையும் ஒண்ணா ஓட்டுனா என்னப்பா?” என்றார் ஒரு நாள்.

ஓட்டலாமே! கீபோர்டில் ஒரு வார்த்தை அடித்தால் கம்ப்யூட்டர் ஒரு வேலையைச் செய்யும். அந்த வார்த்தைதான் கமாண்டு. எல்லா ரிப்போர்ட்டையும் ஒரே நேரத்தில் கிளப்பிவிடுகிற மாதிரி குமரேசன் ஒரு கமாண்டு எழுதினான்.

கிளப்பினோம். டிஸ்க் கரகரவென்று அரைத்தது. இந்த ரிப்போர்ட்டுக்குக் கொஞ்சம் ஓடும், அதை விட்டுவிட்டு அந்த ரிப்போர்ட்டுக்குக் கொஞ்சம் ஓடும். மதியம் வந்துகொண்டிருந்த கடைசி ரிப்போர்ட் சாயங்காலம் வந்தது. மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

குமரேசன் மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இது எங்க கிணத்துக் கதைதானுங்க சார்” என்றான்.

அவர்களுடையது கூட்டுக் கிணறு. கிணறு ஒன்று, அண்ணன் தம்பிக்கு ஆளுக்கொரு மோட்டார். மோட்டார் ஓடும் மூன்று ஃபேஸ் கரண்ட் ஒரு நாளில் கொஞ்ச நேரம்தான். கரண்ட் வந்ததும் மூன்று பேரும் ஓடிப்போய் ஸ்டார்ட்டரைப் போடுவார்கள். போடாவிட்டால்? மற்றவன் இறைத்துவிடுவான் என்ற பயம்தான். கிணறு மளமளவென்று இறங்கி, குழாய் அடியில் இருக்கிற ஃபுட்வால்வு தண்ணீருக்குப் பதில் காற்றை இழுக்கும். மூன்று வாய்க்காலும் நனையும், ஒரு காட்டுக்கும் தண்ணீர் போய்ச் சேராது.

இந்த வருஷம் மழையும் ஏமாற்றிவிட்டது. குமரேசன் போட்டிருந்ததோ மஞ்சள். தண்ணீர் தப்பினால் தாங்காத பயிர். புருஷனும் பெண்டாட்டியுமாகக் களை எடுத்துக் கண்ணும் கருத்துமாக வளர்த்தது. மஞ்சள் கைகொடுத்தால்தான் பண்ணையத்தில் இருப்பது, இல்லாவிட்டால் காட்டை விட்டுவிட்டு டவுனுக்கு வருவது என்று வீட்டில் பேசி வைத்திருந்தார்கள்.

அவன் கமாண்டைத் திருத்தினான். எத்தனை ரிப்போர்ட் காத்திருந்தாலும் ஒரு நேரத்தில் இரண்டுதான் ஓடும். ஒன்று முடிந்ததும் வரிசையில் அடுத்தது உள்ளே வரும். காபி நேரத்துக்கே எல்லா ரிப்போர்ட்டும் மேனேஜர் மேஜையில்.

அந்தச் சூட்டோடு வீட்டுக்குப் போய் அண்ணன்களை உட்கார வைத்துப் பேசினான். “ஒருத்தர் காடு பாஞ்சு முடிச்ச பொறவுதான் அடுத்தவரு மோட்டாரைப் போடோணும். மொறை மொறையா உடலாமுங்க.” இரண்டு அண்ணன்களும் யோசித்தார்கள். சரி என்றார்கள். தம்பி படித்தவன், தப்பாகச் சொல்வானா? சீட்டுக் குலுக்கியதில் பெரியவர், அவருக்குப் பின் குமரேசன், கடைசியில் நடு அண்ணன் என்று முறை வந்தது. மூவர் காட்டுக்கும் தண்ணீர் பாய்ந்தது. குமரேசன் சிரித்துக்கொண்டே வேலைக்கு வந்த நாட்கள் அவை.

பிறகு பெரியண்ணனின் முறை வந்தது. பாதிக் காடு பாய்ந்திருந்தபோது வோல்டேஜ் இல்லாமல் அவருடைய மோட்டார் நின்றது. காயில் எரிந்துவிட்டது. கட்டக் கொடுத்த இடத்தில் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தார்கள். இந்த வறட்சியில் யாருக்குத்தான் காயில் போகவில்லை?

“மோட்டாரு வர்ற வரைக்கும் நாங்க தண்ணி உட்டுக்கறோமுங்க” என்று குமரேசன் கேட்டிருக்கிறான். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாராம். மறுநாள் கரண்ட் வந்ததும் குமரேசனின் மனைவி பொறுக்க முடியாமல் ஸ்டார்ட்டரைப் போட்டுவிட்டாள். பெரியண்ணன் வந்தார். சத்தம் போடவில்லை. தம்பிகள் இருவருடைய ஃபியூஸ் கட்டைகளையும் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டார்.

“நீதான சாமி சொன்ன, ஒருத்தன் முடிக்காம அடுத்தவன் போடக்கூடாதுன்னு? என்ற மொறை இன்னும் முடியலயே” என்றார்.

அவரையும் குறை சொல்ல முடியவில்லை. முறையை விட்டால் மறுபடி எப்போது வருமோ என்ற பயம் அவருக்கு. அண்ணன் மடியில் கை வைக்கிற தம்பி எங்கள் பக்கம் இல்லை.

இதைக் கேளுங்கள். அத்தனை நாளும் யாரும் இறைக்காததால் கிணறு ஊறி ஊறிப் படிக்கட்டு மூழ்க நிறைந்துவிட்டதாம். கிணறு நிறையத் தண்ணீர், சுற்றிலும் காய்கிற காடு. பெரியண்ணன் காடும் சேர்ந்துதான் காய்ந்தது. இப்படி ஒரு வயிற்றெரிச்சலை நான் கேட்டதில்லை.

நடுவில் எங்கள் ஏ.சி. அறையிலும் அதே கதை நடந்தது. பிரிண்டரில் பேப்பர் சிக்கி ஒரு ரிப்போர்ட் நின்றது. இன்னொன்று அதே பிரிண்டருக்காகக் காத்து நின்றது. இருந்த இரண்டு இடமும் போயிற்று. மற்ற ரிப்போர்ட்டுகள் வரிசையில் தேமேயென்று நின்றன. கம்ப்யூட்டர் சும்மா உட்கார்ந்திருந்தது.

குமரேசன் மறுபடி திருத்தினான். குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் அசையாமல் நிற்கிற வேலையைப் பிடித்து வெளியே தள்ளு, வரிசையின் கடைசியில் நிறுத்து, அடுத்ததை உள்ளே விடு. அவ்வளவுதான். பேப்பர் சிக்கினாலும் மற்ற ரிப்போர்ட்டுகள் நிற்காமல் வந்தன. மேனேஜர் அறைக்கே வந்து, “பேஷ்!” என்றார். முதல் வரியில் சொன்ன பாராட்டு அதுதான்.

குமரேசன் தலையை நிமிர்த்தவில்லை. மேனேஜர் போன பிறகு கேட்டேன்.

“இதை அண்ணங்கிட்டச் சொல்ல வேண்டியதுதானே குமரேசா?”

“சொன்னேனுங்க சார். ‘மோட்டாரு நின்னா மொறையும் போயிருமா? நாளைக்கு நான் படுத்துட்டா என்னையும் தள்ளி உட்ருவயா?’ன்னாரு. அதுக்கு என்னத்தச் சொல்றதுங்க?”

கம்ப்யூட்டரில் ஓடும் வேலைக்கு மானம் ரோஷம் கிடையாது, தள்ளினால் போய் வரிசையில் நிற்கும். கூடப் பிறந்தவரை எந்தக் கமாண்டு போட்டுத் தள்ளுவது?

“இப்ப மோட்டார் வந்துருச்சா?”

“முந்தாநேத்து வந்துச்சுங்க. மீதி இருந்த பாதிக் காட்டுக்கும் தண்ணி உட்டாரு. அங்க ஒரு பச்சை இல்லீங்க, சருகுக்குத்தான் உட்டாரு. முடிச்சுப்போட்டு ஃபியூஸ் கட்டையக் கொண்டாந்து குடுத்து, ‘இப்ப உன்ற மொறை சாமி, போட்டுக்க’ன்னாரு.”

“உன் மஞ்சள்?”

“கிழங்கே வெந்து போச்சுங்க சார். ஊட்டுல அவ அந்தப் பக்கமே போறதில்ல. டவுன்ல ஊடு பாக்கோணும்.”

இதற்கு மேல் கேட்டிருக்கக் கூடாது. வாய் சும்மா இருந்தால்தானே?

“அப்புறம் நீ மோட்டாரைப் போடலையாக்கும்?”

“போட்டேனுங்க. காடு பூரா உட்டேன்.”

“செத்த பயிருக்கா?”

“நான் முடிச்சாத்தானுங்க சார் நடு அண்ணனுக்கு மொறை வரும். அவரு மரவள்ளி இன்னும் உசுரோட இருக்குதுங்க.”