ஆதிகேசவன் விமானத்துக்கு முன்சக்கர புஷ் போட்ட கதை

பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறையைப் பார்க்க வருகிறவர்கள், மதிலை ஒட்டிய கொட்டகையையும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். உள்ளே படகு இஞ்சின் மெக்கானிக் ஆதிகேசவன் விமானம் செய்துகொண்டிருந்தார். கல்லறைக்குப் பக்கத்திலேயே விமானம் கட்டுவது நல்ல முன்யோசனை என்று ஊரில் பேச்சு. ஏரிக்கு அந்தப் பக்கம் ராக்கெட் கிளம்பும்போதெல்லாம் ஸ்பானரோடு வெளியே வந்து, “நம்மளுதும் போவும்” என்பார்.

உடம்பு, பழைய ஃபைபர் படகின் அச்சில் வார்த்தது. விசிறி வேப்பமரம். சக்கரங்கள் மொபெட்டுடையவை. பெயின்டர் பழக்கதோஷத்தில் பக்கவாட்டில் அவர்கள் வீட்டுப் படகின் நம்பரையே எழுதிவிட்டான். இதையெல்லாம் அவர் மனைவி வேலம்மா பொறுத்துக்கொண்டாள். இஞ்சினைத்தான் பொறுக்க முடியவில்லை. அது வீட்டுப் படகிலிருந்து கழற்றியது.

ஏரியில் யார் என்றைக்கு எங்கே வலை போடுவது என்று ஊர் கூடிக் குலுக்கிப் போட்டு முறை வைக்கும். அதைப் பாடு என்போம். முறை தவறினால், அடுத்த சுற்று வரும்வரை கரையில் உட்கார்ந்து மற்றவர்கள் கூடையை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அவர்கள் பாடு நெருங்கிக்கொண்டிருந்தது. படகோ கவிழ்ந்து கிடந்தது.

“இன்னாய்யா, பாட்டுக்கு எப்டிப் போறது? பறந்தா?” என்றாள் வேலம்மா.

“முன்சக்கரத்துக்கு புஷ் போட்டா வேலை முடிஞ்சுதுமே. முந்தின நாளே ஓட்டிக் காட்டுறேன்.”

“நேரா ஓட்னா இஞ்சின் உன்னுது. கோணிக்கினு போச்சுன்னா அன்னிக்கே என்னுது. இன்னா சொல்ற?”

“சரிம்மே.”

முன்சக்கரத்தைத் திருப்பும் தண்டுக்கும் அது நுழைகிற குழாய்க்கும் நடுவே உட்காரும் வளையம்தான் புஷ். அதைப் போடும் நாளில் கொட்டகை கல்யாண வீடு மாதிரி நிறைந்துவிட்டது. ஒருவரும் விமானத்தில் ஏறியவர்களில்லை. அபிப்பிராயம் மட்டும் எல்லோரிடமும் இருந்தது.

“டைட்டா கடையட்டாண்ணே, லூசா கடையட்டா?” என்று புஷ்ஷுக்கான நைலான் கட்டையோடு கேட்டார் லேத்துக்கார மீரான்.

“லூசாவே உடு பாய். நைலான் தண்ணி குடிச்சா உப்பும்ல,” என்றார் ஆதிகேசவன்.

“ஆமாமா. என் படகுல டைட்டாப் போட்டு, தண்டு சுத்தவே இல்ல,” என்றார் சங்கத் தலைவர் வீரராகவன்.

கூட்டம் தலையாட்டியது. வாசலில் நின்ற பெண்கள் நாங்களும் ஆட்டினோம். படகின் புஷ் எந்நேரமும் தண்ணீரில் கிடப்பது. எங்கள் ஊரில் இடம் விட்டுத்தான் போடுவார்கள். விமானம் எந்தத் தண்ணீரைக் குடிக்கப்போகிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

பாட்டுக்கு முந்தின நாள், ஏரி வற்றிக் காய்ந்திருந்த தரையில் ஓட்டினார். விமானம் கொஞ்ச தூரம் மரியாதையாகப் போயிற்று. வேகம் ஏறியதும், லூசான புஷ்ஷுக்குள் தண்டு ஆட, முன்சக்கரம் சாமி வந்தது போல உதற ஆரம்பித்தது. ஆதிகேசவன் திருப்பிய பக்கத்தைத் தவிர எல்லாப் பக்கமும் திரும்பி, கடைசியில் பூநாரைக் கூட்டத்தைக் கலைத்துக்கொண்டு தண்ணீருக்குள் போய்விட்டது. அன்றைக்குப் பறந்தவை பூநாரைகள் மட்டும்தான்.

விமானம் மூழ்கவில்லை. படகு அச்சில் வார்த்ததாயிற்றே, மிதந்தது.

வேலம்மா இடுப்பளவு தண்ணீரில் நடந்துபோய் அதன் விளிம்பைப் பிடித்தாள். “இஞ்சின் என்னுது.”

“கயட்டிக் குடுத்துர்றேன்மே.”

“எப்பக் கயட்டி, எப்பப் படகுல மாட்டுவ? நாளைக்குப் பாடு. இஞ்சின் கீற எடத்துலயே இருக்கட்டும். றெக்கையக் கயட்டு.”

மறுநாள் இறக்கை இல்லாமல், வேப்பமர விசிறி சுற்ற, வலைகளோடு விமானம் பாட்டுக்கு வந்தது. இதெல்லாம் படகா என்று பக்கத்துப் பாட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். வீரராகவன் பக்கவாட்டைப் படித்துப் பார்த்தார்.

“நம்பர் கீதே. படகுதான்.”

இஞ்சினை நிறுத்தி வலையை இறக்கும்போது, ஆதிகேசவன் குனிந்து, நேற்றிலிருந்து தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்த முன்சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

“ஏம்மே, பாரு! துளிகூட ஆட்டம் இல்ல. புஷ் புட்ச்சிக்கிச்சு!”

“மொதல்ல வலையப் புடிய்யா,” என்றாள் வேலம்மா.