சலூன்காரர் வளர்த்த வரிக்காரி

என் அக்கா புருஷன் சலூன் வைத்திருக்கிறார். மூன்று நாற்காலி போட்ட சின்னக் கடை. கண்ணாடிக்குக் கீழே சீப்பும் கத்தரியும் இருக்க வேண்டிய பலகையில் பாதியைப் பூந்தொட்டிகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. முடிவெட்ட உட்காருகிறவர் தன் முகத்தை இலைகளுக்கு நடுவில்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். யாராவது குறைப்பட்டால், மூஞ்சியை வீட்டிலும் பார்த்துக்கொள்ளலாம், இந்தப் பூவை இங்கேதான் பார்க்க முடியும் என்பார் அத்தான். சிரிக்காதவர்களுக்கு அடுத்த தடவையும் அதே பதில்தான் கிடைக்கும்.

செடியின் பெயர் ஆப்பிரிக்கன் வயலட். உள்ளங்கை அகலத் தொட்டியில், மெல்லிய ரோமம் படர்ந்த இலைகள் வட்டமாகப் படுத்திருக்கும். நடுவில் கொத்தாகப் பூ. ஆப்பிரிக்க மலைக்காடுகளில் பாறை இடுக்குகளில் நிழலில் வளர்வதாம். நேர் வெயில் பட்டால் இலை கருகும். இலைமேல் தண்ணீர் தெளித்தால் திட்டுத்திட்டாகக் கறை விழும். தொட்டியை ஒரு தட்டில் உட்கார வைத்துக் கீழேயிருந்துதான் தண்ணீர் காட்ட வேண்டும். இவ்வளவு நாசூக்குப் பார்க்கிற செடிக்கு அத்தானின் கடை நன்றாகவே வாய்த்தது. பகலெல்லாம் எரியும் டியூப்லைட், அந்த வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும் கண்ணாடி, பிடரியில் ஒட்டிய முடியைத் தட்டிவிடும் மெத்தென்ற பிரஷ். அதே மாதிரிப் பிரஷ் ஒன்றை இலையில் தூசி தட்டுவதற்கென்றே தனியாக வைத்திருக்கிறார். லைட்டெல்லாம் போட்டுக் கொடுத்தது நான். எலக்ட்ரீஷியன் மச்சான் கிடைத்ததும் அவருடைய யோகம்தான், ஆனால் அதை அவர் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை.

இருந்த செடிகளிலேயே அவருக்கு உசத்தியான ஒன்று இருந்தது. கப்பலில் வேலை பார்த்த வாடிக்கைக்காரர் ஒருவர், ஊரைவிட்டுப் போகுமுன் கடைசியாக முடிவெட்டிக்கொண்டு கையில் கொடுத்துவிட்டுப் போனது. மற்றதெல்லாம் தனி ஊதா. இது வெள்ளைப் பூ. ஒவ்வொரு இதழின் நடுவிலும் ஊதா நிறத்தில் ஒரு வரி ஓடும். பூவை மொத்தமாகப் பார்த்தால் குச்சியில் சுற்றும் காகிதக் காற்றாடிதான். அத்தான் அதற்கு வரிக்காரி என்று பெயர் வைத்தார். முடிவெட்டிக்கொள்ள முடியே இல்லாதவர்கள்கூட அதைப் பார்க்கக் கடைக்கு வருவார்கள்.

அத்தானிடம் குடிப்பழக்கம் கிடையாது, புகை கிடையாது. ஒழுங்கு என்கிற ஒரு கெட்ட பழக்கம் மட்டும் உண்டு. செடியையும் அவர் தலையாகத்தான் பார்ப்பார். விடுமுறை நாளில் கடையைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, ஓரத்து இலைகளைக் கிள்ளி வட்டத்தைச் சரிசெய்வார். அடியிலிருந்து பக்கத் தளிர் ஏதாவது எட்டிப் பார்த்தால் அவருக்குப் பொறுக்காது. கிருதா ஓரத்தில் தப்பித்த முடியைக் கண்டதுபோல் சின்ன இடுக்கியால் பிடுங்கித் தரையில் போட்டுவிடுவார். சாயங்காலம் முடியோடு சேர்த்து அதையும் கூட்டி அள்ளிவிடுவார்.

அக்கா மகள் சின்ன வயசில் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்து, வரிக்காரியைப் பார்த்துக்கொண்டேதான் பாடம் படித்தாள். கல்யாணமாகி வேறு ஊருக்குக் குடித்தனம் போகும்போது அப்பாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். வரிக்காரியின் பிள்ளைச் செடி ஒன்று வேண்டும். அத்தானுக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றைக்கே ஒரு இலையைக் காம்போடு கிள்ளி, ஈரமான தேங்காய் நார்த்தூளில் செருகினார். வயலட்டுக்கு இலையே போதும். அதிலிருந்தே வேர் விட்டுக் குட்டி போடும். குட்டிகள் வந்தன, வளர்ந்தன, மொட்டு விட்டன. பூத்தது தனி ஊதா. வரி மருந்துக்குக்கூட இல்லை.

மறுபடி இலை வைத்தார், மறுபடியும் ஊதா. தன் கைராசி போய்விட்டது என்றே நினைத்தார். வெறுங்கையோடு போக மனமில்லாமல், பூத்ததை மகளிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். முதல் தடவை அவள் சிரித்துக்கொண்டே வாங்கினாள். மூன்றாவது ஊதா போய்ச் சேர்ந்தபோது நானும் கூட இருந்தேன். அதை ஜன்னல் விளிம்பில் மற்ற இரண்டுக்கும் பக்கத்தில் வைத்துவிட்டு, எங்கள் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"உங்களுக்கு அதைக் குடுக்க மனசு வரலப்பா. பரவால்ல, விடுங்க. ஏதோ ஒண்ணைக் குடுத்து இதுதான் அதோட பிள்ளைன்னு மட்டும் சொல்லாதீங்க."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் இவரும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி அன்றைக்கே கணக்கைத் தீர்த்திருப்பார். திரும்பும்போது பஸ்ஸில், இறங்குகிற இடம் வந்ததும், "மச்சான், நான் பொய் சொல்றேன்னு நெனைக்கிறா" என்றார். பெற்ற பெண்ணுக்கு ஒரு செடி கொடுக்க மனசில்லாதவன் என்ற பெயர் அவரை அரித்துத் தின்றது. அவர் கஞ்சன்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் அவர்மேல் ஒரு குறையும் கிடையாது, அதனால் எனக்கும் மனசு கஷ்டமாக இருந்தது.

வரிக்காரியையே தூக்கிக் கொடுத்துவிட வேண்டியதுதானே என்று அக்கா கேட்டாள். அவரும் அதற்குத் தயார்தான். ஆனால் வாரா வாரம் கீழ் இலையைக் கிள்ளிக் கிள்ளி, செடி விரல் நீளத்துக்கு வெறும் கழுத்தாக நின்றது. உச்சியில் இருந்த இலைகளின் கனம் தாங்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, குச்சியில் கட்டி நிறுத்தியிருந்தார். பஸ் ஏறினால் முதல் மேடு பள்ளத்திலேயே ஒடிந்துவிடும்.

கடைசியில் நானும் அத்தானும் ஒரு நர்சரிக்குப் போனோம். நர்சரிக்காரம்மா போனில் இருந்த படத்தைப் பார்த்ததும் பக்கத் தளிர் வருவதில்லையா என்று கேட்டார். முன்பெல்லாம் நிறைய வரும், வர வரத் தான் சுத்தம் செய்துவிடுவதாக அத்தான் சொன்னார். ஏதோ மெச்சப் போகிறார் என்றுதான் நினைத்திருக்க வேண்டும்.

"சுத்தம் செஞ்சு எங்க நட்டீங்க?"

"நடலீங்க. குப்பைல போட்டேன்."

அந்த அம்மா கையில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டு நிதானமாக விளக்கினார். வரிப் பூ வயலட்டுக்கு இலையை நட்டால் தனி நிறம்தான் வரும். பக்கத் தளிரைப் பிரித்து நட்டால்தான் வரி இறங்கும். மகளுக்காக இவர் ஒவ்வொரு இலையாகக் கும்பிட்டு நட்டுக்கொண்டிருந்தபோது, அவளுக்குச் சேர வேண்டியதையெல்லாம் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டும் இருந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தான் என்னைப் பார்த்த பார்வையில், இனி எனக்கு முடிவெட்ட வேறு கடை தேட வேண்டுமோ என்று தோன்றியது.

செடிக்கு வயசாகிவிட்டது, இனி தானாகத் தளிர் விடுவது கஷ்டம் என்றார் அந்த அம்மா. ஒரே வழி, தலையை வெட்டுவது. வெட்டின தலையைத் தனியாக நட்டால் வேர் விடும். மொட்டையாக நிற்கிற அடியில் புதுத் தளிர் வரும். இரண்டும் அழுகிப்போனாலும் போகலாம், அப்புறம் தன்னைக் குறை சொல்லக் கூடாது என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அத்தான் நாளைக் கடத்தினார். இன்றைக்குப் புழுக்கம், நாளைக்குப் பார்க்கலாம். இப்போதுதான் மொட்டு விட்டிருக்கிறது, பூத்து முடியட்டும். போனால் எல்லாமே போய்விடும் என்று பயம். அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. "ஊருல இருக்கிறவன் எல்லாம் உங்களை நம்பித் தலையக் குடுத்துட்டு உக்காந்திருக்கான். இந்த ஒரு தலைக்குக் கை நடுங்குதா?" என்றாள். அந்த வார விடுமுறையன்று புது பிளேடு ஒன்றை இரண்டாக உடைத்து, கழுத்தின் நடுவில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு வெட்டினார். முகச்சவரம் செய்கிற மனிதர் கண்ணை மூடி வெட்டியதை நான் யாரிடமும் சொல்லவில்லை, அவர் பிழைப்புக் கெட்டுவிடும்.

தலையைச் சின்னத் தொட்டியில் நட்டு, ஈரம் காக்க மேலே கண்ணாடி ஜாடியைக் கவிழ்த்தார். தினமும் கடை திறந்ததும் முதல் வேலை அதைப் பார்ப்பதுதான். ஒருநாள் ஜாடியைத் தூக்கினால் இலைகள் கையோடு வந்தன. அடி முழுக்க அழுகியிருந்தது. அன்றைக்கு மகள் போன் செய்தபோது அக்காவிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார். ஒரு செடிக்காக அவர் கண் கலங்கியதைப் பார்த்து லைட் வேலைக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லையே என்று எனக்கு அவர்மேல் இருந்த பழைய கோபமெல்லாம் போய்விட்டது.

மொட்டை அடியைத் தூக்கிப் போடவும் அவருக்கு மனமில்லை. தட்டில் தண்ணீர் மட்டும் காட்டிக்கொண்டிருந்தார். வெகுநாள் கழித்து, அந்தக் கட்டையின் ஓரத்தில் பச்சையாக என்னவோ புடைத்தது. அடுத்தடுத்து நாலைந்து தளிர்கள். அத்தானின் விரல்கள் பழக்கதோஷத்தில் துடிப்பதைப் பார்த்து அக்கா இடுக்கியை எடுத்து எங்கேயோ ஒளித்துவிட்டாள். தளிர்கள் கொஞ்சம் பெருத்ததும் ஒவ்வொன்றாகப் பிரித்து நட்டார். பிரித்த பிறகு கட்டை காய்ந்துபோனது. தளிர்களும் ஒவ்வொன்றாக வாடின. ஒன்றே ஒன்று வேர் பிடித்தது.

அது பூக்கும்வரை அவர் மகளிடம் மூச்சு விடவில்லை. இன்னொரு ஊதாவைத் தூக்கிக்கொண்டு போய் நிற்கிற தைரியம் அவருக்கு இல்லை. முதல் மொட்டு விரிந்த காலையில் எனக்குப் போன் செய்து கடைக்கு வரச் சொன்னார். போய்ப் பார்த்தேன். வெள்ளை இதழ், நடுவில் ஊதா வரி. நாற்காலியில் சோப்பு நுரையோடு ஒருவர் காத்திருக்க, இவர் பூவைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

அதற்கடுத்த விடுமுறைக்கு மகள் வீட்டுக்குக் கிளம்பினோம். தொட்டியைச் செருப்பு டப்பாவில் வைத்து, வழி முழுக்க மடியிலேயே வைத்துக்கொண்டார். கதவைத் திறந்த மகளிடம் டப்பாவை அப்படியே நீட்டினார். மூடியைத் திறந்தவள் இதழில் ஓடிய வரியை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஜன்னலுக்குக் கொண்டுபோய், மூன்று ஊதாக்களையும் தள்ளி நடுவில் இடம் செய்து வைத்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கே அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் நான் வாயை விட்டுவிட்டேன். நல்லவேளை, இந்த ஒண்ணாவது பிழைத்ததே என்றேன்.

அவள் திரும்பினாள். "ஒண்ணுதானா? அப்ப கடைல?"

கடையில் ஊதா வேண்டிய மட்டும் இருக்கிறது என்றார் அத்தான். அவள் உடனே தொட்டியை எடுத்து அவர் கையில் திணிக்கப் பார்த்தாள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். தொட்டியைப் பிடித்தபடியே அவள் கேட்டாள்.

"அன்னைக்கு நான் சொன்னதை இத்தனை நாளும் மனசுல வெச்சிருந்தீங்களாப்பா?"

"வெச்சிருந்தேன் கண்ணு. இப்பதான் எறக்கி வெச்சேன்."

அவள் தொட்டியை மறுபடி ஜன்னலில் வைத்துவிட்டு வந்து, பின்னால் கட்டியிருந்த அவர் கையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டாள். டீ போட ஆளில்லாமல் நானே சமையலறைக்குப் போனேன்.