படம் எட்டு, சத்தம் மூன்று

டிஸ்க்கை நடுவிலிருந்து விளிம்புக்குத்தான் துடைப்பான் என் தம்பி ஸாஜித். சுற்றிச் சுற்றித் துடைப்பவர்களைக் கண்டால் அவனுக்கு ஆகாது. துடைத்து, கடைவாசல் வெளிச்சத்தில் சரித்துப் பார்த்த பிறகே போடுவான்.

முதலில் சத்தத்தை அடைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்ப்பான். வாவியைக் காட்டும் இடங்களில் தண்ணீர் கட்டம் கட்டமாக உடைகிறதா, கறுப்பு கறுப்பாகவே நிற்கிறதா என்று. அடுத்தது சத்தம். இரண்டுக்கும் பத்துக்கு இத்தனை என்று புள்ளி போடுவான். காத்தான்குடியில் கலியாண வீடியோ பிரதியெடுக்கிற சிறிய கடைதான். ஆனாலும் ஆவணப்படம் எடுப்பவர்கள் தேடி வருவார்கள். ஒரு படத்தில், துடுப்பு தண்ணீரைத் தொட்டு அரை மூச்சு கழித்தே சத்தம் வருகிறது என்று கண்டுபிடித்தவன் அவன். எடுத்தவருக்கே அது தெரிந்திருக்கவில்லை. "கண்ண ஏமாத்தலாம் ராத்தா, காத ஏமாத்த ஏலா" என்பான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். படித்தவர்கள் என் தம்பியின் புள்ளிக்காகக் காத்து நிற்பதைப் பார்க்கப் பெருமையாக இருக்கும்.

கடையின் பின்பக்கம் நான் தைக்கிறேன். டீவியில் சத்தத்தின் இலக்கம் முன்பு பன்னிரண்டில் நிற்கும். நோன்புக்குப் பிறகு இருபது. இப்போது முப்பத்தெட்டு.

"என்ன ஸாஜித், வாவிக்கு அங்கால உள்ளாக்களுக்கும் சேத்தா படம் காட்டுறீங்க?" என்று பக்கத்துக் கடை முஹம்மட் கத்துவார்.

"இப்ப வாற டிஸ்க் ஒண்டும் சரியில்ல" என்பான் ஸாஜித். மூன்று மாதமாக எந்தப் படத்தின் சத்தத்துக்கும் அவன் நாலுக்கு மேல் போடவில்லை. டொக்டரிடம் போவோம் என்றால், "எனக்கென்ன வருத்தம்?" என்று எழுந்துவிடுவான்.

போன கிழமை, வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிரஷாந்தி வந்தாள். வாவித் தண்ணீருக்குள் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களைப் பற்றிய படம். கடைசி வருடப் பரீட்சைக்குக் கொடுக்க வேண்டியது.

"படம் எட்டு. சத்தம் மூண்டு. பேச்சு விளங்குதில்ல. திரும்பப் பதிஞ்சிட்டு வாங்க மகள்."

"ஆரட்டப் பதியிற அண்ணன்? அதில கதைக்கிற அன்னப்பூரணி அக்கா போன மாசம் செத்துட்டா." அவள் டிஸ்க்குக்காகக் கையை நீட்டினாள். "அப்ப அவட குரல முழுக்க வெட்டத்தான் வேணும்."

நான் தையலை விட்டு எழுந்து போனேன். அவன் முன்னால் நின்று, காதுக்குக் கிட்டச் சொன்னேன்.

"ஸாஜித், அந்தப் புள்ளட படத்துல ஒரு குறையுமில்ல. இறால் கூடையால தண்ணி சொட்டுறதும் எனக்குக் கேட்டிச்சி."

அவன் டிஸ்க்கை மீண்டும் போட்டான். இறந்துபோன பெண் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

"சத்தத்துக்கு எத்தின அண்ணன்?" என்று பிரஷாந்தி அவன் முதுகுக்குப் பின்னால் இருந்து இரண்டு முறை கேட்டாள்.

அவன் திரும்பவில்லை. டீவியையும் பார்க்கவில்லை. எனக்குக் கேட்பதை என் முகத்தில் தேடுபவன்போல, அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.