துண்டை உதறிக் காட்டிய அண்ணாச்சி

இரும்புக்கடை அண்ணாச்சி போய்விட்டார் என்று போன வாரம் என் கடை ஆள் கருப்பையாதான் வந்து சொன்னான். “யார் சொன்னது?” என்று கேட்டேன். சாவுச் செய்தியைக்கூட நம்பாதவன் நான். போடி பஜாரில் அவரை அறிந்தவர்களுக்கு என்னையும் தெரியும், ஆச்சரியப்பட மாட்டார்கள்.

எட்டாவதோடு படிப்பை விட்டு ஏலக்காய்க் கடை வைத்த எனக்குத் தெரிந்த நிர்வாகம் ஒன்றுதான். சாயங்காலம் கிளம்பும் வேலையாள் வாசலில் நின்று தோள் துண்டை உதறிக் காட்ட வேண்டும். ஏலக்காய் ஒன்றும் உதிர்ந்ததில்லை. இளவட்டங்கள்தான் ஒவ்வொருவராக உதிர்ந்தார்கள்.

சும்மா திரியும் பையன்களுக்கு வேலை கேட்டுக் கடைகடையாக ஏறிப் பேசுவது அண்ணாச்சியின் வழக்கம். எண்பதுகளின் தொடக்கத்தில் கருப்பையாவை என்னிடம் கூட்டிவந்தார். வேவு பார்க்க ஆள் அனுப்புகிறாரோ என்று நினைத்தேன். இரும்பு விற்பவருக்கு ஏலக்காய் வேவு எதற்கு என்று யோசிக்கும் அளவுக்கு நான் படிக்கவில்லை.

“பயலுக நிக்க மாட்டேங்கிறான்கன்னு பொலம்புறீக தம்பி. துண்டை உதறச் சொன்னா எவன் நிப்பான்? வேலைக்கு ஆள் வைக்கிறீகளா, களவாணியத் தேடுறீகளா?”

“அப்ப எம்மகன் செல்வத்த ஒங்க கடையில வச்சுப் பாருங்க” என்றேன் வீம்பாக.

பத்தாவதில் தோற்ற செல்வம் போன இடத்திலிருந்தெல்லாம் திரும்பி வந்தவன். இனியும் நிலைக்காவிட்டால் மலையேறிக் கேரளத்துக்கே போய்விடுவேன் என்று அவன் அம்மாவிடம் சொல்லியிருந்தான்.

“நாளைக்கே அனுப்புங்க” என்ற அண்ணாச்சி கருப்பையாவை என் கடையில் விட்டுப் போனார்.

இவர் எப்படிச் சோதிக்கிறார் பார்ப்போம் என்று ஒரு சாயங்காலம் எதிர் சோடாக் கடையில் ஒளிந்து நின்றேன். என் உடம்புக்கு ஒளிய சோடாக் கடை போதாது. செல்வம் வெளியே வரும்போதே அண்ணாச்சி என்னைப் பார்த்துவிட்டார்.

“வாங்க தம்பி! ஒங்க மகன் கெளம்புறான். துண்டை உதறச் சொல்லவா?”

செல்வத்தின் கை தானாகவே தோளுக்குப் போனது. அவன் என்னையே பார்த்தான்.

“வேணாம் அண்ணாச்சி” என்றேன்.

அவர் தன் துண்டை எடுத்து என் முன்னால் உதறினார். “என்னையும் பாத்துக்கிருங்க.”

மறுநாள் கருப்பையாவிடம் இனி உதற வேண்டாம் என்றேன். “எதுக்கு மொதலாளி?” என்று அவன் என்னைச் சந்தேகமாகப் பார்த்தான்.

“பயலுக கெளம்பையில கண்ணு துண்டுக்கே போகுதே, என்ன செய்ய?” என்று அண்ணாச்சியிடமே போய்க் கேட்டேன்.

“அந்நேரம் ஒங்க சாமி படத்தப் பாத்து நில்லுங்க. சர்ச்சுக்குப் போற வேதக்காரன் நானே சொல்றேன்.”

கருப்பையா இன்று என் சரக்குக் கிட்டங்கியையே பார்த்துக்கொள்கிறான். செல்வம் இரும்புக்கடையை விட்டு நகரவில்லை. அண்ணாச்சியின் சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் அவனும் ஒருவன்.

எனக்கு அவர் விட்டுப்போனது அப்படித் திரும்பி நிற்பதைத்தான். ஆட்கள் கிளம்பும் நேரம் இன்றும் முருகன் படத்தைப் பார்த்து நிற்கிறேன். பஜார் என்னைப் பக்திமான் என்கிறது. உண்மை தெரிந்த ஒரே மனிதர் போய்விட்டார்.