வனஸ்பதி அடுப்பு

ஆறுமுகத்தாய் அட்டைப்பெட்டியைப் பட்டை பட்டையாகக் கிழித்து, கழுவித் துடைத்த பெரிய ஷூ பாலிஷ் டப்பாவுக்குள் பாய் சுருட்டுவதுபோல் இறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தாள். தாராவியில் விடிந்ததிலிருந்து மழை. வீட்டின் கீழ் அறையில் முழங்காலளவு தண்ணீர். மின்சாரம் இல்லை. முந்தின நாள் தீர்ந்த சிலிண்டருக்கு மாற்று வரவில்லை.

மாடி அறையில் கணவர் செல்லத்துரை படுத்திருந்தார். பக்கவாதம் வந்து இரண்டு வருஷம். தண்ணீராக எது கொடுத்தாலும் புரையேறி நெஞ்சுக்குள் போய்விடும். கேழ்வரகைக் காய்ச்சிக் கெட்டியாக்கி, அதில்தான் வலிப்பு மாத்திரையைப் பொடித்துக் கொடுக்க வேண்டும். மதியம் இரண்டு மணி வேளை தவறினால் வலிப்பு வரும். வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்க்கும் வேலையில் பதினெட்டு வருஷம் இருப்பவளுக்கு இதை யாரும் சொல்ல வேண்டியதில்லை.

மணி ஒன்று. அட்டை இடுக்குகளில் மெழுகைச் சொட்டவிட்டு நிரப்பினால் அடுப்பு தயார். கடைக்கு அனுப்பிய மருமகள் பொன்செல்வி சொட்டச் சொட்ட வந்து நின்றாள். திருநெல்வேலியிலிருந்து வந்து மூன்று மாதம்தான். கையில் ஊதுபத்தி, ஆறு பாக்கெட்.

“என்னட்டி இது?”

“பத்திதான அத்தே கேட்டிய?”

“இங்கன பத்தின்னா மோம்பத்தி. ஒங்க மாமாவுக்குப் படையலா போடப்போறேன்?”

“எங்கூர்ல பத்தின்னா இதான். மெழுகுவத்தின்னு தெளிவாச் சொன்னா என்னவாம்? இப்ப கடையும் அடைச்சாச்சு.”

ஆறுமுகத்தாய்க்குக் கோபம் வரவில்லை. எதுவுமே வரவில்லை. அலமாரியில் அரைக்கிலோ வனஸ்பதி பாக்கெட் இருந்தது. அதுவும் மெழுகுபோல் எரியக்கூடியதுதான். விரலால் அள்ளி அட்டைக்குள் அழுத்தினாள். பழைய வேட்டித் துணியைத் திரித்து நடுவில் செருகினாள். அறைக்குள் புகை ஆகாது என்று, வெளியே இரும்புப் படியின் மேல்தட்டில், தகரக் கூரைக்கடியில் மூன்று செங்கலை வைத்துப் பற்றவைத்தாள்.

“தீ மிஞ்சினா இந்த மூடியப் போட்டு அமத்து. தண்ணி மட்டும் ஊத்திராத.”

பானையின் அடி கரி பிடித்தது. கண் எரிந்தது. கஞ்சி கெட்டியாக இரண்டே கால் ஆகிவிட்டது. செல்லத்துரையை நிமிர்த்தி உட்காரவைத்து, ஆறவைத்த முதல் கரண்டியைக் கொடுத்து, தொண்டையின்மேல் விரல் வைத்து, விழுங்குகிறாரா என்று பார்த்தாள். மூன்றாவது கரண்டியில் மாத்திரை போனது.

“எறங்கிட்டா அத்தே?”

“எறங்கிட்டு.”

அன்று வலிப்பு வரவில்லை. மறுநாள் காலை தண்ணீர் வடிந்திருந்தது. சிலிண்டர் வரவில்லை. ஆறுமுகத்தாய் மிச்ச வனஸ்பதியை டப்பாவில் அடைத்து, கஞ்சி காய்ச்சி, எட்டு மணி மாத்திரையைக் கொடுத்தாள். செம்பூரில் நோயாளி பார்க்கும் டியூட்டிக்கு வரமுடியாது என்று போனில் சொல்லிவிட்டு, சேற்றை வழிக்கக் கீழே இறங்கினாள்.